கடல் எந்தப் பக்கம்? கைவிட்ட மாட்டுப் பண்ணைக்கு ஒரு பகல் நடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில் ஏறி உட்காரும்போதே இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிடுவேனோ என்று யோசிக்கத் தொடங்குகிறவள். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன், படலை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பேன். அப்படிப்பட்ட நான் சென்ற ஓகஸ்ட் மாதம் யாழ்ப்பாணத்தில், வடமராட்சி கிழக்கின் மணல் மேடுகளுக்குள், பாதை என்று ஒன்று இல்லாத இடத்தில், ஒரு பகல் முழுவதும் நடந்தேன். அங்கே போக விரும்பும் சிலர் விவரம் கேட்டதால் எழுதுகிறேன். படித்த பிறகும் ஆசை மிச்சம் இருந்தால் போய்வாருங்கள்.

காரணம் என் கணவர் சிவா. போன வருடம் அவருக்குச் சுகர் கூடி, இன்சுலின் போடத் தொடங்கினார்கள். டொக்டர் "நல்லா நடவுங்கோ" என்றார். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையால் கீழே இறங்கி, தண்டவாளத்தை ஒட்டி மரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்புவது தினசரி வேலையாகிவிட்டது. அதுவும் அலுத்துப்போக, போனில் செய்மதிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினார். ஒரு ஞாயிறு பின்னேரம் வெள்ளை மணலுக்கு நடுவில் ஒரு சாம்பல் நிறச் சதுரத்தைக் காட்டி, "இது ஒரு பழைய மாட்டுப் பண்ணை. யுத்தத்தோட விட்டிட்டுப் போனது. ரோட்டில இருந்து நாலரைக் கிலோமீற்றர் தான்" என்றார். அந்தத் "தான்" எனக்குப் பிடிக்கவில்லை.

என் பயத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. பெப்ரவரியில் ஒருநாள் குசினியில் நின்று தண்ணீர்ப் பைப்பைத் தானே திருத்துவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். என்ன சொன்னாலும் கேட்கவில்லை, சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் அப்படியே சரிந்து விழுந்தார். சுகர் இறங்கியிருந்தது. அவர் பிடிவாதம் பிடித்ததுதான் முதல் அறிகுறி என்று பிறகு டொக்டர் சொன்னார். அன்றிலிருந்து அவர் எதற்காவது பிடிவாதம் பிடித்தாலே என் கை குளுக்கோஸ் பைக்கற்றைத் தேடும். ஆகவே இந்தப் பயணத்தில் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. மனிதரை விழாமல் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

புறப்படும் முன் எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள பார்மசியில் சுகர் பார்க்கும் மீற்றருக்குப் புதிய பட்டிகள் வாங்கினேன். அங்கே நிற்கும் சிங்களப் பெண், "அக்கே, மீட்டர் எக்க ரஸ்னேட்ட தியன்ன எப்பா" என்றாள். மீற்றரைச் சூட்டில் வைக்காதே என்கிறாள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். போகிற இடமே அடுப்புத்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் குளிரூட்டிய பஸ் ஒன்றில் ஆளுக்கு 2,800 ரூபாய். விடியற்காலையில் பளையில் இறங்கினோம். அங்கிருந்து கடற்கரைக் கிராமத்துக்கு ஓட்டோவில் பதினாறு கிலோமீற்றர், 2,500 ரூபாய். ஓட்டோக்காரர் சுதன், முப்பது வயதிருக்கும், அவர்தான் அறையும் பிடித்துத் தந்தார். கடலைப் பார்த்த சின்ன வீடு, காலைச் சாப்பாட்டோடு 4,500 ரூபாய். முதல் நாள் முழுக்கத் தூங்கி எழும்பியதிலேயே போய்விட்டது. அடுத்த நாள் விடிந்ததும் நடக்கப் புறப்பட்டோம். இவர் மட்டும் இருட்டோடு எழும்பித் தனியே கடற்கரையில் நின்றுவிட்டு வந்தார். நான் இன்சுலின், புட்டு, தண்ணீர், குளுக்கோஸ் என்று ஓடித் திரிந்தேன். கடலை நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்கு நேரமிருக்கவில்லை.

சுதன் எங்களைக் கரையோர வீதியில் கொஞ்சத் தூரம் கொண்டுபோய், ஒரு கிரவல் பாதை முடியும் இடத்தில் இறக்கிவிட்டார். இறக்கிவிட்டதும் முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

"அக்கா, இந்தப் பக்கமெல்லாம் கண்ணிவெடி எடுத்தாச்சு எண்டு தான் சொல்லினம். எண்டாலும் மாடு நடந்த தடத்தில நடவுங்கோ. மாடு போகாத பத்தைக்குள்ள நீங்களும் போகாதேங்கோ. இரும்பு மாதிரி என்ன கிடந்தாலும் தொடாதேங்கோ."

சிவா தன் நீளமான கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கொமர்ஷல் வங்கிக்குப் போகிற மனிதரைப் போல முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். மணல்மேட்டில் குடையோடு நடக்கிற ஒரே மலையேறி இவராகத்தான் இருப்பார் என்று சொன்னேன். "நிழல் தேவைப்படேக்கை நீர் கேட்டு வருவீர்" என்றார். ஒரு மணித்தியாலத்தில் கேட்டுப் போனேன்.

மணலில் நாலரைக் கிலோமீற்றர் என்பது வீதியில் ஒன்பதுக்குச் சமம். ஒவ்வொரு அடியும் கணுக்கால் வரை இறங்கும். மேடு ஏறினால் அதற்கு அப்பால் இன்னொரு மேடு. நடுநடுவே நாகதாளிப் பற்றைகள், முறிந்த பனைகள், எங்கும் மாட்டுச் சாணம். சாணத்தைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்நாளில் அன்றுதான். காலை வெயில் முதுகில் விழ, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முகத்தில் மணலை அள்ளி எறிய, அவருடைய போன் காட்டிய வழியில் இரண்டரை மணித்தியாலம் நடந்து பண்ணையை அடைந்தோம்.

பார்க்க வேண்டிய இடம்தான், அதை நான் மறுக்கமாட்டேன். கூரை போன நீண்ட கொட்டகை, வரிசையாகக் கொங்கிரீட் தூண்கள், மணல் நிரம்பிய சீமெந்துத் தொட்டிகள். பால் சேர்த்து வைத்த அறையில் வெள்ளை ஓடுகள் இன்னும் பளபளப்பாக இருந்தன. கொட்டகைக்கு நடுவில் ஒரு வேம்பு வளர்ந்து தானே கூரையாகிவிட்டிருந்தது. அதன் கீழே உட்கார்ந்தோம். வெயில் ஏறியதும் எங்கிருந்தோ பத்துப் பதினைந்து மாடுகள் வந்தன. யாரும் சாய்த்துக்கொண்டு வரவில்லை. தாமாகவே வந்து, வெறும் தொட்டிகளுக்கு முன்னால் வரிசையாக நின்றன. பால் கறக்க ஆள் இல்லாமல் எத்தனையோ காலமாகிவிட்டது. இவை அந்தக் காலத்துப் பண்ணை மாடுகளின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளாகத்தான் இருக்கும். அப்படியும் அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் வந்து நிற்கின்றன. சிவா பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று சரியாகத் தெரியவில்லை.

அந்த உச்சி வெயிலில் நடப்பது பைத்தியக்காரத்தனம் என்று இரண்டரை மணி வரை நிழலிலேயே இருந்தோம். கட்டிக்கொண்டு வந்த பாணையும் சம்பலையும் அவர் பாதிதான் சாப்பிட்டார். வெக்கையில் இறங்கவில்லையாம். என் மனம் உடனே கணக்குப் போடத் தொடங்கியது. இன்சுலின் போட்டாயிற்று, சாப்பாடு பாதி, இனி நடை வேறு. மீற்றரை எடுத்து அவர் விரலைக் குத்தினேன். திரையில் எண் வரவில்லை, பிழை என்று காட்டியது. இரண்டாவது பட்டியும் அதேதான். மீற்றர் சூடேறிப்போயிருந்தது. பார்மசிப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

புறப்பட்டுக் கால் மணித்தியாலத்தில் இவருடைய போனும் கை விட்டது. சூடு கூடிவிட்டது என்று ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அணைந்துவிட்டது. என் போனில் சிக்னல் இல்லை, வரைபடம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டங்கள். காலையில் வந்த எங்கள் காலடிகளைக் காற்று துடைத்துவிட்டிருந்தது. மாட்டுத் தடங்களோ நாலாபக்கமும் பிரிந்து போயின. எந்த மேட்டில் ஏறிப் பார்த்தாலும் அதே மணல், அதே பற்றை.

பரவாயில்லை, கடலைப் பிடித்தால் போதும், கரையோர வீதி வந்துவிடும் என்று நினைத்தேன். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திசை என்றால் இரண்டுதான், கடல் பக்கம், கடல் இல்லாத பக்கம். கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த வீட்டில் பின்னேர வெயில் துறைமுகப் பக்கம் இறங்கும். கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தால் இங்கேயும் ஒழுங்கை முடிகிற இடத்தில், தண்டவாளத்துக்கு அப்பால், கடலில்தான் சூரியன் விழும். ஐம்பது வயது வரை நான் வேறு மாதிரி ஒரு கடற்கரையில் பின்னேரத்தைக் கழித்ததே இல்லை.

"இந்தப் பக்கம்" என்று சூரியன் சாய்ந்திருந்த பக்கத்தைக் காட்டினேன். "வெயில் எங்க இறங்குதோ அங்கதானே கடல்."

"இல்லை மெர்லின். காலமை வரேக்கை வெயில் முதுகில அடிச்சது. இப்பவும் முதுகில தான் அடிக்கவேணும்."

"வரும்போது முதுகுல அடிச்சா திரும்பிப் போகும்போது மூஞ்சிலதானே அடிக்கணும்?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு சொன்னார். "வெயிலும் நடந்திட்டுதெல்லோ."

வெயில் நடந்துவிட்டதாம். மனிதர் உளறத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தேன், முகமெல்லாம் வியர்வை, கை லேசாக நடுங்கியது. (என் கையும் நடுங்கியது, என் முகத்திலும் வியர்வை. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.)

"முதல்ல இதச் சாப்பிடுங்க" என்று குளுக்கோஸ் பிஸ்கற்றை நீட்டினேன்.

"எனக்குச் சுகர் இறங்கேல்லை. நான் சொல்லுறதைக் கேளும். கடல் அந்தப் பக்கம்."

"சாப்பிட்டிட்டுச் சொல்லுங்க."

"நீர் கேக்கமாட்டீர் தானே" என்று சத்தம் போட்டார். எனக்கு அதோடு சந்தேகமே இல்லாமல் போனது. பிடிவாதம், சத்தம், குசினி, பைப், எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. பிஸ்கற்றைக் கிட்டத்தட்ட வாயில் திணித்தேன். அந்த நேரம் பார்த்து மேற்குப் பக்கத்திலிருந்து இரைச்சல் ஒன்று விடாமல் கேட்டது. "கேக்குதா அலைச் சத்தம்?" என்றேன். "அது சவுக்கு" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெயிலை நோக்கி நடந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். அது என் பயத்தை இன்னும் கூட்டியது.

அது சவுக்குத்தான். காற்றைத் தடுக்க யாரோ எப்போதோ நட்ட தோப்பு, சோளகத்தில் இரைந்துகொண்டு நின்றது. அதைத் தாண்டியதும் தூரத்தில் தண்ணீர் மின்னியது. "பாருங்க, கடல்" என்று ஏறக்குறைய ஓடினேன். காலுக்கடியில் மணல் போய்த் தட்டையான சாம்பல் நிலம் வந்தது, மேலே உப்புப் பூத்துக் கிடந்தது, சிவப்பும் பச்சையுமாக உமரிச் செடிகள். அலை இல்லை, வீதி இல்லை, சாணமும் இல்லை. மாட்டுத் தடம் எப்போதோ நின்றுபோயிருந்தது. அதை நான் கவனிப்பதற்குள் என் வலது கால் உப்பை உடைத்துக்கொண்டு முழங்கால் வரை சேற்றுக்குள் இறங்கியது. மற்றக் காலை ஊன்றினேன், அதுவும் இறங்கியது.

நாங்கள் வந்து சேர்ந்திருந்தது களப்புக்கு, நிலத்துக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்துக்கு. இந்தக் கரையில் கடல் கிழக்கே, களப்பு மேற்கே. நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் அவரை இழுத்து வந்திருக்கிறேன்.

"அசையாதையும்" என்றார் சிவா. குரலில் பதற்றமே இல்லை. உறுதியான தரையில் குப்புறப் படுத்து, குடையை மடக்கி வளைந்த பிடியை என் பக்கம் நீட்டினார். "ரெண்டு கையாலயும் பிடியும். பின்னால சாஞ்சு, ஒரு காலை மட்டும் மெல்ல மெல்ல எடும்." நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே எடுத்தேன். ஒரு சப்பாத்தைச் சேறு வைத்துக்கொண்டது. வெளியே வந்து அவர் பக்கத்தில் விழுந்தபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சுகர் இறங்கிய மனிதர் இப்படி இழுக்கமாட்டார் என்று அப்போதுதான் புத்தியில் பட்டது.

"இனி நான் முன்னுக்குப் போறன்" என்றார். சரி என்றேன்.

சாணம் தெரிகிற இடம் வரை எங்கள் காலடிகளிலேயே காலை வைத்துத் திரும்பினோம். நல்லவேளை, உப்பு நிலத்தில் காலடி அழிந்திருக்கவில்லை. வெறுங்காலில் அவருடைய மேஸை, அந்தத் தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டு, மணல் சுட, அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன். தண்ணீர் அரைப் போத்தல்தான் மிச்சம். இப்போது தள்ளாடுவாரோ, இந்த மேட்டில் விழுவாரோ என்று ஒவ்வொரு அடியையும் எண்ணாத குறை. அவர் தள்ளாடவில்லை. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நேரே போனார். ஒரு மேட்டில் நின்று குடையால் கீழே காட்டினார். மணலில், கடற்கரையை ஒட்டியே வளரும் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருந்தது. "இனிக் கிட்ட" என்றார். இரண்டு மேடு தாண்டியதும் கடல். அலையே இல்லாமல், சத்தமே இல்லாமல் குளம் போலக் கிடந்தது. அந்தக் காற்றுக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கடல் அப்படித்தானாம்.

வீதிக்கு வந்தபோது ஐந்தரை. சிக்னல் வந்ததும் சுதனுக்குப் போன் எடுத்தேன். பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். "என்னக்கா, நான் தேடி வர வெளிக்கிட்டனான்" என்றார். என் காலைப் பார்த்துவிட்டு ஓட்டோவைத் திருப்பினார். ஓட்டோவுக்குள் காற்றுப் பட்டு மீற்றர் ஆறியிருந்தது. அவருடைய விரலைக் குத்தினேன். சுகர் இறங்கவில்லை, நான் திணித்த பிஸ்கற்றால் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவா வெளியே பார்த்தபடி, கோபம் இல்லாமல் சொன்னார்.

"ஒரு வருசமா நான் என்ன சொன்னாலும், அதை என்ரை சுகர் சொல்லுதெண்டு தான் நீர் கேக்கிறீர்."

மீற்றரை அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நாங்கள் அதைச் செய்யவில்லை. கண்ணிவெடி பற்றி அங்கே இருப்பவர்களிடம் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள், என்னைப் போன்றவர்கள் எழுதுவதை நம்பி இறங்காதீர்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீருக்குக் குறையக் கூடாது. போன் சூட்டில் அணையும், ஆகவே ஊசித் திசைகாட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். சுகர் மீற்றரை ஈரத் துணியில் சுற்றிப் பைக்கு நடுவில் வையுங்கள். கூடவே, கொழும்பிலிருந்து போகிறீர்கள் என்றால், அந்தக் கரையில் சூரியன் கடலில் விழாது என்பதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். படித்தவர்கள்தானே, இது தெரியாதா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கும் தெரியும். களைத்துப் பயந்து நிற்கும்போது தெரிந்தது எதுவும் உதவிக்கு வரவில்லை.

மற்ற நாள் காலை சாப்பாடு முடிந்ததும் சிவா கரையோரமாகத் தனியே கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வரப்போவதாகச் சொன்னார். குளுக்கோஸ் எடுத்தீர்களா, எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எல்லாக் கேள்வியும் என் வாய் வரை வந்தன. சரி, போய்வாங்க என்றேன். அவர் சின்னதாகி, சின்னதாகி, வள்ளங்களுக்குப் பின்னால் மறைந்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை. குறையும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அவருக்குப் போன் எடுக்கவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகித் திரும்பி வந்தார். என் கண் வழக்கம்போல முதலில் அவருடைய கைக்குத்தான் போனது, நடுங்குகிறதா என்று. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "எப்படி இருந்திச்சு?" என்று கேட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலை இழுத்தவர்களையும் தான் அவர்களோடு கதைத்ததையும் பற்றி நீளமாகச் சொல்லத் தொடங்கினார். முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.